சுசுகாவில் கடைசி ஏழு சுற்று

ஜப்பானில் கார்ப் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பூசைக்குப் போவதில்லை. பெரும்பாலான நாடுகளில் கார் கிளம்பும்போது நமக்குச் சாயங்காலம் ஆகியிருக்கும். ஜப்பானின் சுசுகாவில் கிளம்பும்போது நமக்குக் காலை பத்தரை. ராயபுரத்தில் எங்கள் கோயிலில் பூசை முடிந்து, வாசலில் நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பத்துச் சுற்று போயிருக்கும். என் மனைவி ஹில்டா இதற்காக வருடத்துக்கு ஒருமுறை சண்டை போடுவாள். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய சண்டை கிடையாது.

நான் குடிப்பவன் அல்ல, ஐயா. வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. இன்று காலை உங்கள் காவல் நிலையத்துக்கு வந்து ஒரு சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றபோது நீங்கள் நாற்காலியைக் காட்டி, "யார் செத்தது?" என்று கேட்டீர்கள். அப்பாவு என்றேன். போன வருடம் எண்ணெய்த் தொட்டியில் செத்தவரா, அந்த ஃபைலை மூடியாகிவிட்டதே என்றீர்கள். தெரியும். அதை மூட வைத்தது என் வாக்குமூலம்தான். அதனால் இந்த முறை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் ஆண்ட்ரூ. வயது நாற்பத்தாறு. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கப்பலில் வரும் எண்ணெயைத் தேக்கி வைக்கும் ஒரு தனியார் வளாகத்தில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே பதினான்கு தொட்டிகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். ஒரு தொட்டி காலியானதும் அடியில் தார்போலச் சகதி நிற்கும். அடிச்சுவரில் இருக்கும் மேன்ஹோல் என்ற வட்டத் துவாரம் வழியாக ஆள் உள்ளே போய்த்தான் அதை வார வேண்டும். கிளறக் கிளற அதிலிருந்து கெட்ட காற்று கிளம்பும். ஆகவே உள்ளே போகிறவர் முகமூடி போட்டுக்கொள்வார். வெளியே ஓடும் டீசல் பம்ப், நீளமான குழாய் வழியாக அந்த முகமூடிக்கு நல்ல காற்றை அனுப்பும். அவர் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவன் கையில் இருக்கும்.

உள்ளே போகிறவர் அப்பாவு. வெளியே நிற்பவன் நான்.

இருவருக்கும் ஒரே பயிற்சிதான் கொடுத்தார்கள். ஆனாலும் ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் வெளியே நின்று நான் உள்ளே போனதில்லை. முதல் நாள் எங்கள் மேற்பார்வையாளர் நீலமேகம் அவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். வியாசர்பாடி என்றதும் பெல்ட்டை அவரிடம் கொடுத்தார். என்னிடம் கேட்டார். ராயபுரம் என்றேன். கயிற்றை என்னிடம் கொடுத்தார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவர் பேசவில்லை. எனக்குப் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கார்ப் பந்தயத்தை எனக்குக் காட்டியவர் அவர்தான். எனக்கு முன்பு அதெல்லாம் தெரியாது. அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். எட்டு வயதில் மகனை லாரிக் கூரைமேல் உட்கார வைத்துச் சோழவரத்துப் பந்தயத்தைக் காட்டியிருக்கிறார். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை என்பார் அப்பாவு. தீவுத்திடலைச் சுற்றித் தெருப் பந்தயம் நடந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே போக எங்களிடம் டிக்கெட் இல்லை. தடுப்புக்கு வெளியே நின்று கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப மூணாவது கியரு. இப்ப ரெண்டு. அடிச்சான் பாரு பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உலகப் பந்தயத்தை நாங்கள் போனில் தொடர்வோம். வேலை நாளில் வீடியோ கிடைக்காது. இரும்புத் தொட்டிகளுக்கு நடுவே சிக்னல் ஒழுங்காக நிற்காது. ஆனால் எண்கள் வரும். யார் எத்தனாவது இடம், எத்தனை வினாடி பின்னால், எந்தச் சுற்று. ஓரத்தில் சர்க்யூட்டின் படம் இருக்கும். அதன்மேல் இருபது புள்ளிகள் நகரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கார். எங்களுக்குப் பிடித்த ஓட்டுநர் ஒருவர் உண்டு. பெரிதாக ஜெயித்தவர் அல்ல. நாங்கள் அவரை "நம்மாளு" என்போம்.

வளாகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எண்ணெய் இருக்கும் இடம். வாசலில் எண் போட்ட துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவு ஒழுங்காகக் கொடுத்துவிடுவார். நான் பழைய போன் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நல்ல போனைச் சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுபோவேன்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று அவர் ஒரு இழுப்பு இழுப்பார். நான் ரெஜிஸ்டரில் நேரத்தைக் குறிப்பேன். உள்ளிருந்து இரண்டு இழுப்பு வந்தால் காற்று குறைகிறது, பம்பைப் பார் என்று அர்த்தம். விடாமல் இழுத்தால், என்னை வெளியே எடு. ஆறு வருடத்தில் இந்த இரண்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. வராத ஒன்றைச் சும்மா வைத்திருப்பானேன் என்று எங்களுக்குத் தோன்றியது. யோசனை என்னுடையது. பந்தயம் இருக்கும் நாட்களில் இரண்டு இழுப்பு என்றால், நம்மாளு எத்தனாவது இடம் என்று அவர் கேட்பதாக வைத்துக்கொண்டோம். அவர் இருக்கும் இடம் எதுவோ அத்தனை முறை நான் பதிலுக்கு இழுப்பேன்.

"நெஜமாவே காத்து கொறஞ்சா இன்னா மாமு பண்ணுவ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொறஞ்சா வுடாம இஸ்பேன். அப்பகூடவா ஒனக்குப் புரியாது?" என்றார்.

அந்த ஞாயிறு தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஒன்பதாம் எண் தொட்டியை மறுநாள் புதுச் சரக்குக்குத் தயாராக்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நீலமேகம் இருநூறு அடி தள்ளி அலுவலக அறையில் இருந்தார். வேறு ஆள் இல்லை. அப்பாவு ஒன்பதரைக்கு ஒருமுறை உள்ளே போனார். விதிப்படி அரை மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம். பத்துக்கு விசில் ஊதினேன். வந்துவிட்டார்.

பந்தயம் தொடங்கியதைத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து பார்த்தோம். உடம்பெல்லாம் வியர்த்து, கையை வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சுசுகா எட்டு வடிவத்தில் இருக்கும். போகிற பாதை வருகிற பாதையின் மேலே பாலமாகத் தாண்டும்.

"மேல ஒர்த்தன் போறான், கீய ஒர்த்தன் போறான். நம்ம பேசின் பிரிட்ஜ் மாரியே கீது நைனா" என்றார்.

"நம்மாளு நாலாவது மாமு."

"டயர நோவாம வெச்சிகினு கீறான். மூணு வந்துருவான் பாரு. இன்னிக்கு வந்துருவான்."

பதினொன்று ஐந்துக்கு மறுபடி உள்ளே போனார். போகும்போது முகமூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இஸ்தா சொல்லு, ஏமாத்தாத" என்றார்.

அதற்குப் பின் நடந்ததாக ஃபைலில் இருப்பது இதுதான். பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான் அவர் உள்ளே போனார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றை இழுத்தேன், பதில் வந்தது, ரெஜிஸ்டரில் எழுதினேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு இழுத்தபோது பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் குப்புறக் கிடந்தார், அசைவில்லை. உடனே நீலமேகத்தைக் கூப்பிட்டேன். இருவரும் இழுத்து வெளியே கிடத்தினோம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இதில் முகமூடி கழன்றிருந்தது என்பது உண்மை. நீலமேகம் வந்து பார்த்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. "மாஸ்க்க அவனா கழட்டிட்டானா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்தானே சொன்னேன்.

வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரிய வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது அவர் மனைவி ரமாபாய் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அவரு எதுக்கு தம்பி அத்தக் கழட்டுனாரு? அவ்ளோ உஷாரா இருப்பாரே." புழுக்கமாக இருந்திருக்கும் அண்ணி என்றேன். "அப்பிடிதான் இருக்கும்" என்று முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. அதற்கு அடுத்த பந்தயத்தையும் பார்த்தேன். நம்மாளு எட்டாவது.

இரண்டு மாதம் கழித்து நீலமேகம் என்னைக் கூப்பிட்டார். புதிதாக வரும் ஒப்பந்த ஆட்களுக்குத் திங்கட்கிழமை தோறும் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும், கண்ணால் பார்த்தவன் சொன்னால் மனதில் நிற்கும் என்றார். ஒப்புக்கொண்டேன். வாசலருகே ஒரு பலகை வைத்தார்கள். ஹெல்மெட்டோடு சிரிக்கும் அப்பாவுவின் படம், கீழே "முகமூடியைக் கழற்றியதால்" என்று எழுத்து. அதன் பக்கத்தில் நின்றுதான் பேசுவேன்.

நன்றாகப் பேசினேன், ஐயா. நான் அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. முதல் வாரம் நடந்ததை மட்டும் சொன்னேன். நாலாவது வாரம், "கழட்டாத மாமு, கழட்டாதன்னு கத்தினேன்" என்று ஒரு வரி சேர்ந்தது. யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனால் அந்த வரியை வைத்துக்கொண்டேன். பிறகு, அவர் கொஞ்சம் பொறுமையில்லாதவர் என்றும் சேர்த்தேன். அப்பாவு மாதிரிப் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. நாற்பது திங்கட்கிழமைகளுக்கு மேல் சொல்லியிருப்பேன். கடைசிப் பக்கமாக, நான் கத்தியது எனக்கே நினைவிருப்பதுபோல ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை அப்பாவுவின் மகள் கார்குழலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருபத்துமூன்று வயது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். பள்ளியில் படிக்கும்போதிலிருந்தே என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஹில்டா டீ போட்டுக் கொடுத்தாள். கார்குழலி பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள். பார்த்ததும் தெரிந்தது. அப்பாவுவின் போன்.

"வாசல்ல பையிலயே கெடந்துதாம் சித்தப்பா. போன மாசந்தான் தேடிக் குடுத்தாங்க. லாக்கு வேற போட்டு வெச்சிருந்தாரு. கடைல குடுத்து இப்பதான் தொறந்தோம்."

"அப்படியா" என்றேன்.

"அன்னிக்கு அப்பாக்கு நீங்க மெசேஜ் போட்டுகிறீங்க. வெளிய வந்து படிப்பாருன்னு போட்டீங்களா?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவர் உள்ளே இருக்கும்போது நடந்ததையெல்லாம் அவர் போனுக்கு அனுப்பிவைப்பது என் வழக்கம். சாயங்காலம் வாசலில் போனை வாங்கியதும் பஸ் வரும்வரை நின்று ஒவ்வொன்றாகப் படித்துச் சிரிப்பார். என் போனில் இருந்ததை அன்றே அழித்துவிட்டேன். அவர் போனுக்குப் போனவை அங்கேயே இருந்தன. இது எனக்குத் தோன்றவில்லை.

"ஆமாம்மா. அவருக்குப் பிடிக்குமேன்னு" என்றேன்.

அவள் படித்துக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் படித்தாள்.

"பதினொன்னு பதினாலு. 'நம்மாளு டயரு மாத்தாமயே ஓட்டிகினு கீறான்.' பதினொன்னு முப்பத்தாறு. 'இப்பதான் பிட்டுக்கு வந்தான். ரெண்டர செகண்டுல மாத்திட்டானுங்க.' பதினொன்னு முப்பத்தொம்போது. 'மூணு மாமு மூணு.' அப்பால பதினொன்னு நாப்பத்தாறு." அதைப் படிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'சும்மா சும்மா இஸ்காத மாமு. ஏழு லேப்புதான் கீது. பொறுமையா இரு.'"

ஹில்டாவும் சிரித்தாள்.

"அம்மா இதக் கேட்டுட்டு சிரிச்சிது சித்தப்பா. ஒரு வருசம் ஆச்சி அது சிரிச்சி. 'பாரு, உள்ள இருந்துகினு கூட அவன பேஜாரு பண்ணிகினு இருந்துகிறாரு மன்சன்'னு சொல்லி சிரிச்சிது. கடைசி வரிக்கும் அப்பா ரேஸ் கேட்டுகினு ஜாலியாத்தான் இருந்தாரு, இல்ல?"

தலையை ஆட்டினேன்.

"ஞாயித்துக்கெயம நெனவு நாளு. புத்த விகார்ல இருந்து பந்தே வராரு. நீங்க நாலு வார்த்த பேசணும். கடைசியா அவரு கூட இருந்தது நீங்கதான். மாஸ்க்க கழட்டுனாருன்னு வேற யாரு சொல்லியிருந்தாலும் நாங்க நம்பியிருக்க மாட்டோம். நீங்க சொன்னதால நம்புனோம்."

வருகிறேன் என்றேன். தெரு முனைவரை அவளோடு நடந்துபோய் ஆட்டோ ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து, அவள் குடித்த டம்ளரை நான் கழுவினேன். ஹில்டா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

நினைவு நாள் இன்றுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு. இந்நேரம் பந்தல் போட்டிருப்பார்கள்.

அந்த மெசேஜில் இருப்பது அந்தக் குடும்பத்துக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு இழுப்பின் நிஜமான அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது. பதினொன்று முப்பத்தைந்துக்கு அரை மணி முடிந்துவிட்டது என்றும், நான் விசில் ஊதி அவரை வெளியே எடுத்திருக்க வேண்டும் என்றும் தெரியாது. அந்த நிமிடத்தில் நம்மாளு டயர் மாற்ற வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு ஊதலாம் என்று இருந்தேன். மூன்றாவது இடத்துக்கு வந்ததும் ஊத மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது சரியல்ல. ஊதினால் அவர் வெளியே வருவார், பெல்ட்டைக் கழற்ற வேண்டும், தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். ரெண்டு சுற்று போய்விடும்.

பம்புக்கு டீசல் ஊற்றுவதும் என் வேலை. பதினொரு மணிக்கு, அவர் உள்ளே போகும் முன் ஊற்றியிருக்க வேண்டும். கேன் தொட்டியின் ஏணிக்குப் பின்னால் இருந்தது. இருவரும் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுப்போயிற்று. பதினொன்று நாற்பத்திரண்டு வாக்கில் சுற்றிலும் சத்தம் அடங்கியது. காலையிலிருந்து காதில் இரைந்துகொண்டிருந்த ஒன்று நின்றதும் இதமாக இருந்தது. அது பம்ப் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் பார்ப்போம் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு இழுப்பு வந்தது. மூன்று முறை இழுத்துப் பதில் சொன்னேன். மறுபடி இரண்டு. எரிச்சலோடு, கொஞ்சம் வேகமாக, மறுபடி மூன்று இழுத்தேன். உள்ளே காற்றில்லாமல் நின்றவருக்கு, நம்மாளு மூன்றாவது இடத்தில் இருக்கிறார் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பின் வந்தது எண்ணிக்கை இல்லாத இழுப்பு. கயிறு என் இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. கை ஆடியதில் போன் ஆடியது, எண்கள் சரியாகத் தெரியவில்லை. அதனால் கயிற்றை அவிழ்த்து ஏணிக் காலில் கட்டினேன். கட்டிவிட்டுத்தான் அந்த மெசேஜை அனுப்பினேன். அவர் போன் வாசலில் பைக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவருக்குப் போய்ச் சேராது என்று தெரிந்துதான் பொறுமையாக இரு என்று எழுதினேன். அப்படி எழுதியதும் நிஜமாகவே அவர் விளையாடுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஏழு சுற்று. சுசுகாவில் ஒரு சுற்று ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். பதினோரு நிமிடம். நம்மாளுக்கும் முன்னால் போனவருக்கும் இடைவெளி ஒரு வினாடிக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டாவது இடம் கிடைத்துவிடும்போல இருந்தது. கிடைக்கவில்லை. ஒரு காரைக்கூட நான் பார்க்கவில்லை, ஐயா. காரின் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை. நான் பார்த்தது இரண்டு புள்ளிகள். கயிறு எப்போது நின்றது என்று கேட்காதீர்கள். அது என் கையில் இல்லை.

பந்தயம் முடிந்ததும் எழுந்து மேன்ஹோல் அருகே போய், "மாமு, மூணு" என்று உள்ளே குரல் கொடுத்தேன். பதில் வராததால் டார்ச் அடித்தேன்.

அவர் அசைவில்லாமல் குப்புறக் கிடந்ததாக ஃபைலில் இருக்கிறது. அப்படி இல்லை. முகமூடியில் காற்று வராததால் அதைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் தெரிந்த பக்கமாகத் தவழ்ந்து வந்திருக்கிறார். மேன்ஹோலிலிருந்து இரண்டு கை தூரம். பக்கவாட்டில் படுத்திருந்தார். மார்பு ஏறி இறங்கியது. வாய் அசைந்தது. "காத்து" என்றார். சத்தம் வரவில்லை. ஆனால் நான் புரிந்துகொண்டேன்.

கயிற்றைப் பிடித்து இழுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் வெளியே வந்திருப்பார். கத்தியிருந்தால் நீலமேகத்துக்குக் கேட்டிருக்கும், ஏனென்றால் பம்ப் ஓடவில்லை. நான் அந்த அமைதியைத்தான் முதலில் கவனித்தேன். பம்ப் நின்றிருப்பதை நீலமேகம் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். போனைத் துடைத்துக் கேரியரில் வைத்தேன். ரெஜிஸ்டரை எடுத்து, உள்ளே போன நேரத்தைப் பதினொன்று முப்பத்தைந்து என்று எழுதி, அதற்குப் பின் இரண்டு கையெழுத்துகளை, பேனாவின் மை ஒரே மாதிரி இருக்கக் கூடாதென்று இரண்டு பேனாவால் போட்டேன். கேனை எடுத்துவந்து டீசலை ஊற்றினேன். பம்பைக் கிளப்பினேன். முதல் இரண்டு முறை கிளம்பவில்லை, மூன்றாவது முறை கிளம்பியது. சத்தம் பழையபடி வந்ததும் நீலமேகத்தின் அறைக்கு ஓடினேன். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். நாங்கள் திரும்பி வந்தபோது மார்பு ஏறி இறங்கவில்லை.

அவருக்குக் காற்று அனுப்பத்தான் முதலில் பம்பைக் கிளப்பினேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியில் நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முகமூடி அவருக்குப் பின்னால் சகதியில் கிடந்தது. காற்று அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தாளை அந்தக் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுவீர்களா என்று தெரியவில்லை. காட்டுவதானால் இன்று வேண்டாம், நாளை காட்டுங்கள். அந்தப் பலகையை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் எதையும் பொறுமையில்லாமல் செய்யவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. போனை ஒளிப்பதற்கும் ரெஜிஸ்டரை எழுதுவதற்கும் முன்னால் நான் இன்னொன்று செய்தேன். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஆண்ட்ரூ வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்பதுபோல. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வேலை ஓடாது. அதனால் டார்ச்சை அணைத்தேன்.